சி8 பிஷப்பின் பயணம்: சோபியா 2010, பன்னிரண்டாவது ஆட்டம்

2010 மே 11. பல்கேரியத் தலைநகர் சோபியாவில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம். பதினோரு ஆட்டங்கள் முடிந்து வெசலின் டோபாலோவும் விஸ்வநாதன் ஆனந்தும் 5.5–5.5 என்று சமமாக நிற்கிறார்கள். டோபாலோவுக்கு வெள்ளைக் காய்கள், சொந்த நாட்டு அரங்கு. 56 நகர்த்தல்கள் கழித்து ஜெயித்ததோ கறுப்பு.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 31, 32-ஆவது நகர்த்தல்களில் டோபாலோவ் செய்த பிழைகளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பிழைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பிழைகளுக்குத் தண்டனை கொடுக்க ஏ8 மூலையில் ஒரு பிஷப் எப்படி வந்து உட்கார்ந்திருந்தது? பலகையில் இருந்த காய்களிலேயே மிக மோசமானது என்று தொடக்கத்தில் எல்லோரும் சொல்லியிருக்கக்கூடிய காய் அது. என் பார்வையில் இந்த ஆட்டம் அந்த ஒரு பிஷப்பின் கதை. சி8-இல் அடைபட்டுக் கிடந்த அது பி7, ஏ6, டி3, மறுபடி ஏ6, பி7, ஏ8 என்று அலைந்து, கடைசியில் ஜி2-இல் எதிரியின் ராணியை எடுத்துவிட்டுச் செத்தது. இதைப் பின்தொடர்ந்து போனால் மற்ற நகர்த்தல்கள் தானாக விளங்கும்.

கட்டங்களை ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை என்ற வழக்கமான முறையில் குறித்திருக்கிறேன். மூன்று புள்ளிகளோடு தொடங்கினால் கறுப்பின் நகர்த்தல். ஆச்சரியக்குறி இருந்தால் சிறந்த நகர்த்தல். பக்கத்தில் ஒரு பலகை இருந்தால் நல்லது.

பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு முன்

போட்டி தொடங்குவதற்கு முன்பே ஆனந்துக்குச் சோதனை. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவின் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சோபியாவுக்குச் சாலை வழியாகவே வந்து சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார், ஒரு நாள் கிடைத்தது. ஏப்ரல் 24 அன்று முதல் ஆட்டம். கறுப்பில் குரூன்ஃபெல்ட் தடுப்பு ஆடி, தயாரித்து வைத்திருந்த வரிசையிலேயே தடுமாறி, முப்பதே நகர்த்தல்களில் தோற்றார்.

இரண்டாவதையும் நான்காவதையும் கட்டலான் தொடக்கத்தில் ஜெயித்து ஆனந்த் முன்னே போனார். எட்டாவதில் டோபாலோவ் சமன் செய்தார். ஒன்பதாவதில் ஆனந்த் வெற்றி வாய்ப்புகளைக் கோட்டை விட்டார். அப்புறம் பத்தும் பதினொன்றும் டிரா.

கறுப்புக் காய்களோடு ஆனந்த் அதுவரை என்ன ஆடியிருந்தார் என்பது இங்கே முக்கியம். முதல் ஆட்டம் குரூன்ஃபெல்ட், தோல்வி. மூன்று, ஐந்து, எட்டு ஆகியவை ஸ்லாவ் தடுப்பு. முதல் இரண்டில் தாங்கியது, எட்டாவதில் எதிர்நிற பிஷப்கள் (ஒருவருடையது வெள்ளைக் கட்டங்களில், மற்றவருடையது கறுப்புக் கட்டங்களில்) மிஞ்சிய இறுதிக்கட்டம் ஒன்றில் சரிந்தது. பத்தாவதில் மறுபடி குரூன்ஃபெல்ட், டிரா. ஆக இரண்டு ஆயுதங்களும் ஆளுக்கொரு அடி வாங்கியவை. டோபாலோவின் குழு அந்த இரண்டையும் இரவும் பகலும் கடைந்திருக்கும். கடைசி ஆட்டத்துக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். ஆனந்த் எடுத்தது நூறு ஆண்டுக்கும் மேல் பழைய சரக்கு.

டோபாலோவ் பக்கமும் ஒரு நெருக்கடி இருந்தது. இந்த ஆட்டம் டிராவானால் அடுத்தது ரேபிட் டைபிரேக், அதாவது குறைந்த நேரத்தில் வேகமாக ஆடும் முடிவு ஆட்டங்கள். 2003-இல் உலக ரேபிட் பட்டம் வென்றவர் ஆனந்த். அந்த வேகத்தில் அவரோடு மோத அந்நாளில் யாரும் ஆசைப்படமாட்டார்கள். (இரண்டே ஆண்டு கழித்து, 2012-இல், போரிஸ் கெல்ஃபாண்டை அதே டைபிரேக்கில் வீழ்த்தித்தான் ஆனந்த் பட்டத்தைக் காத்துக்கொண்டார். பயத்துக்குக் காரணம் இருந்தது.) டோபாலோவுக்கு இது வெள்ளையில் கடைசி வாய்ப்பு. ஜெயித்தாக வேண்டும் என்று விதி சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டார்.

பழைய தொடக்கம், பழைய தலைவலி

1.டி4 டி5 2.சி4 இ6 3.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4.குதிரை சி3 பிஷப் இ7 5.பிஷப் ஜி5 எச்6 6.பிஷப் எச்4, கறுப்பு கோட்டை கட்டுகிறது (காஸ்லிங்), 7.இ3.

குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டு. ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயில் தொடங்கும் ஆட்டங்களில் இதைவிட மரபான அமைப்பு கிடையாது. 1927-இல் காப்பாபிளாங்காவும் அலெகினும் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32 இந்த வகைதான். சி4-இல் நீட்டிய சிப்பாயைக் கறுப்பு எடுக்காமல், டி5-ஐ இ6-ஆல் தாங்கிப் பிடிக்கிறது. மையத்தில் கால் ஊன்றிக்கொள்ளலாம். விலை என்னவென்றால் இ6 சிப்பாய் தன் சொந்த சி8 பிஷப்பின் வாசலை அடைத்துவிடுகிறது. வெள்ளையின் அதே வகை பிஷப் ஜி5-க்கு வந்து காற்று வாங்கும்போது, கறுப்பின் பிஷப் வீட்டுக்குள் கிடக்கிறது.

இந்தத் தொடக்கத்தில் கறுப்புக்கு இருக்கும் கிளைகள் எல்லாமே அந்த ஒரு தலைவலிக்கு எழுதிய வெவ்வேறு மருந்துச்சீட்டுகள். டார்டகோவர் தடுப்பில் பி6 தள்ளி, பிஷப்பைப் பி7-க்கு எடுக்கிறார்கள். ஸ்லாவில் இ6-ஐத் தள்ளிப்போட்டு, பிஷப்பை முதலில் வெளியே விடப் பார்க்கிறார்கள். இமானுவேல் லாஸ்கர் போன வழி வேறு. இடம் நெருக்கடியாக இருந்தால் ஆளைக் குறை என்பது அவர் கணக்கு. 1907-இல் ஃபிராங்க் மார்ஷலுக்கு எதிரான பட்டப் போட்டியில் அவர் பயன்படுத்திய அந்தத் தாவலைத்தான் இப்போது ஆனந்த் ஆடினார்: 7...குதிரை இ4.

8.பிஷப் இ7-ஐ எடுக்கிறது, ராணி இ7-ஐ எடுக்கிறது. 9.யானை சி1 சி6 10.பிஷப் இ2 குதிரை சி3-ஐ எடுக்கிறது 11.யானை சி3-ஐ எடுக்கிறது, டி5 சிப்பாய் சி4-ஐ எடுக்கிறது 12.பிஷப் சி4-ஐ எடுக்கிறது, குதிரை டி7.

ஐந்தாறு நகர்த்தலுக்குள் இரண்டு ஜோடிச் சிறுகாய்கள் பலகையை விட்டுப் போய்விட்டன. மீதம் வெள்ளைக்கு ஒரு பிஷப், ஒரு குதிரை. கறுப்புக்கும் அதே. கறுப்பு இப்போது இ5 அல்லது சி5 தள்ளி மூச்சு விடலாம். லாஸ்கர் தடுப்புக்கு ‘சலிப்பூட்டும்’ என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. டிரா போதும் என்று நினைக்கிறவர் ஆடுவது என்பார்கள். ஆனந்துக்கு அன்று டிரா போதும்தான். அதனால் தேர்வு சரி. வெள்ளைக்குக் கூர்மையான தாக்குதல் எதையும் கொடுக்காமல், கணக்குப் போட்டு ஜெயிக்கும் டோபாலோவை வெறும் நிலையில் உட்காரவைக்கும் தொடக்கம் இது.

13.வெள்ளை கோட்டை கட்டுகிறது, பி6 14.பிஷப் டி3 சி5 15.பிஷப் இ4 யானை பி8 16.ராணி சி2 குதிரை எஃப்6 17.டி4 சிப்பாய் சி5-ஐ எடுக்கிறது, குதிரை இ4-ஐ எடுக்கிறது 18.ராணி இ4-ஐ எடுக்கிறது, பி6 சிப்பாய் சி5-ஐ எடுக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். கறுப்பு 16...குதிரை எஃப்6 ஆடி வெள்ளையின் பிஷப்பைத் தன் கடைசிக் குதிரையோடு மாற்றிக்கொண்டது. பதிலுக்குத் தன் சிப்பாய் வரிசையைக் கெடுத்துக்கொண்டது. ஏ7-இல் ஒரு அநாதைச் சிப்பாய், சி5-இல் இன்னொன்று. ஒன்றை ஒன்று தாங்க முடியாது. இறுதிக்கட்டம் வரை அமைதியாகப் போனால் இவை இரண்டும் வெள்ளைக்குத் தீனி. பாடப்புத்தகப்படி பார்த்தால் வெள்ளையின் நிலை கொஞ்சம் மேல்.

ஆனால் மிஞ்சிய சிறுகாய்களைப் பாருங்கள். வெள்ளைக்கு ஒரு குதிரை, கறுப்புக்கு ஒரு பிஷப். அதுவும் எந்த பிஷப்? இன்னும் சி8-இல் ஒரு அடி கூட நகராத அதே பிஷப். இப்போது பி6, டி5 சிப்பாய்கள் இல்லை. ஏ8-இலிருந்து எச்1 வரையான நீண்ட மூலைவிட்டத்தில் கறுப்பின் சிப்பாய் எதுவும் நிற்கவில்லை. வெள்ளை ராஜா வசிக்கும் பக்கம் அந்தக் கோடு போய் முடிகிறது. அந்தக் கோட்டில் அதை எதிர்க்க வெள்ளைக்கு பிஷப் கிடையாது, சற்று முன்புதான் மாற்றிக்கொடுத்தாகிவிட்டது.

மூலைவிட்டத்தில் குடியேறிய ராஜா

19.ராணி சி2 பிஷப் பி7 20.குதிரை டி2 யானை எஃப்8-இலிருந்து டி8 21.எஃப்3 பிஷப் ஏ6 22.யானை எஃப்2 யானை டி7 23.ஜி3 யானை பி8-இலிருந்து டி8 24.ராஜா ஜி2.

டோபாலோவின் திட்டம் புரிகிறது. குதிரையை டி2 வழியாகக் கொண்டுபோய் சி5 சிப்பாயைக் குறிவைப்பது. பிஷப்பின் மூலைவிட்டத்தை எஃப்3 சிப்பாயால் அடைப்பது. 21...பிஷப் ஏ6 எஃப்1 யானையை மிரட்டியதால் அது எஃப்2-க்கு நகர்ந்தது, பிறகு ராஜாவுக்கு ஜி2-இல் இடம்.

ஒவ்வொரு நகர்த்தலும் தனித்தனியே நியாயமானது. சேர்த்துப் பார்த்தால் ஒரு உறுத்தல் இருக்கிறது. ராஜா நிற்கும் ஜி2 அந்த நீண்ட மூலைவிட்டத்தில்தான் இருக்கிறது. நடுவில் காவலுக்கு எஃப்3 சிப்பாய் மட்டும். பக்கத்தில் எஃப்2-இல் சொந்த யானையே ராஜாவின் ஓட்டப்பாதையை மறித்து நிற்கிறது. பிஷப் அப்போது ஏ6-இல், வேறு கோட்டில் இருந்ததால் இது கண்ணில் படவில்லை. நான் வகுப்பெடுப்பதாக இருந்தால் 32-ஆவது நகர்த்தலைவிட 24-ஆவதை அதிக நேரம் காட்டுவேன். செஸ் கணினி இதைப் பிழை என்று சொல்லாது. ஆனாலும் பின்னால் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் இதுதான் முகவரி கொடுத்தது.

24...பிஷப் டி3 25.ராணி சி1 பிஷப் ஏ6.

ஆட்டத்தின் நிஜமான திருப்பம் என்று நான் நினைப்பது இந்த இடம். பிஷப் டி3-க்கு வந்து ராணியை மிரட்டியது. டி கோட்டில் இரண்டு யானைகள் பின்னால் நிற்பதால் அதை எடுக்க முடியாது. ராணி சி1-க்குப் பின்வாங்கியது. உடனே பிஷப் வந்த வழியே ஏ6-க்குத் திரும்பிவிட்டது. வாய் திறந்து டிரா கேட்பது அந்தப் போட்டியில் நடவாத காரியம். டோபாலோவ் தரப்பு டிரா கேட்பதுமில்லை, ஏற்பதுமில்லை என்று முன்பே அறிவித்திருந்தது. அதனால் கேள்வி காய்களின் மொழியில் வந்தது. நீ ராணியைச் சி2-க்குக் கொண்டுவந்தால் நான் மறுபடி டி3 வருகிறேன், இப்படியே ஒரே நிலை மூன்று முறை வந்து டிராவானதும் எழுந்து போகலாம், சம்மதமா?

பலகை அப்போது சமமாகத்தான் இருந்தது. ராணி சி2 ஆடியிருந்தால் டிரா, அடுத்து டைபிரேக். டோபாலோவ் 26.யானை ஏ3 ஆடினார். பிஷப்பை மிரட்டுகிறது, ஏ7 சிப்பாயையும் பார்க்கிறது. ஆனால் யானை பலகையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது, ராஜாவிடமிருந்து எட்டத்தில். இந்த மறுப்பைத் தைரியம் என்று சிலர் பாராட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலகையில் இல்லாத ஒரு காரணத்துக்காக பலகையில் ஒரு நகர்த்தல் ஆடப்பட்டது. சம நிலையில் ரிஸ்க் எடுப்பது தவறே அல்ல, எடுக்கும் ரிஸ்க்குக்குப் பதிலாக ஏதாவது கையில் வரவேண்டும். ஏ3 யானைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

26...பிஷப் பி7 27.குதிரை பி3 யானை சி7 28.குதிரை ஏ5 பிஷப் ஏ8.

சி5-ஐ வெள்ளையின் குதிரையும் ராணியும் குறிவைக்கின்றன. கறுப்பின் யானையும் ராணியும் அதைக் காக்கின்றன. கணக்கு சரியாக நிற்கிறது, சிப்பாய் விழாது. உடனே குதிரை ஏ5-க்குப் போய் பிஷப்பை விரட்டியது. பிஷப்புக்கு ஒரே ஒரு மரியாதையான ஒதுக்கிடம், ஏ8. வெள்ளைக்கு இது ஒரு வெற்றி போலத் தெரிந்திருக்கும். பிஷப்பை மூலைக்கே தள்ளியாயிற்றே. ஆனால் அந்த மூலைவிட்டத்தில் ஏ8-இலிருந்து பார்த்தாலும் பி7-இலிருந்து பார்த்தாலும் ஜி2 ஒரே நேர்கோட்டில்தான் தெரிகிறது. இன்னும் சொன்னால் ஏ8-இல் குதிரை அதைத் தொட முடியாது. விரட்டியதால் பிஷப் பத்திரமானது, அவ்வளவுதான்.

இரண்டு சிப்பாய்த் தள்ளல்கள்

29.குதிரை சி4 இ5 30.இ4 எஃப்5!

29...இ5 சும்மா ஆடியதல்ல. அடுத்து இ4 தள்ளி எஃப்3 காவலை உடைப்பேன் என்கிறது. டோபாலோவ் 30.இ4 ஆடித் தானே அந்தக் கட்டத்தை நிரப்பினார். இப்போது மூலைவிட்டத்தில் இரட்டைப் பூட்டு: இ4, அதன் பின்னால் எஃப்3. பிஷப்பின் கதை முடிந்தது என்று தோன்றும்.

ஆனந்த் உடனே எஃப்5 தள்ளினார். தன் ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாயையே முன்னே விடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். டிரா போதும் என்று வந்தவர் ஆடும் நகர்த்தல் இல்லை இது. பிஷப்பைத் தவிர வேறு எதுவும் இதை நியாயப்படுத்தாது. இ4 பூட்டைக் கழற்றுவதுதான் ஒரே நோக்கம்.

வெள்ளைக்கு நிதானமான பதில் இருந்தது. 31.குதிரை டி2 என்று திரும்பி வந்து இ4-க்கு முட்டுக் கொடுத்திருக்கலாம். கறுப்பின் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும், ஆனால் சுவர் நிற்கும். டோபாலோவ் 31.இ4 சிப்பாயால் எஃப்5-ஐ எடுத்தார். ஒரு சிப்பாய் லாபம். ஒரு பூட்டு தானாகத் திறந்தது.

31...இ4!

இன்னொரு சிப்பாயும் பலி. இ5-இல் நின்ற சிப்பாய் ஒரு அடி முன்னால் வந்ததில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அடுத்து எஃப்3-ஐ எடுத்தால் ராஜாவுக்கு நேராகச் செக். இ கோடு திறந்தால் இ7 ராணிக்கு நெடுஞ்சாலை. இந்த நிலையைப் பலகையில் அடுக்கி, ஏ8-இலிருந்து விரலை வைத்து இழுத்துப் பாருங்கள்: பி7, சி6, டி5 காலி. இ4-இல் கறுப்புச் சிப்பாய், எஃப்3-இல் வெள்ளைச் சிப்பாய், ஜி2-இல் ராஜா.

இப்போதும் தப்பிக்க வழி இருந்தது. 32.யானை இ3 ஆடியிருந்தால், 32...சிப்பாய் எஃப்3-ஐ எடுத்துச் செக் 33.ராஜா எஃப்1. ராஜா மூலைவிட்டத்தை விட்டு விலகிவிடுகிறது. அதோடு இ3 யானை இ7 ராணியை முறைக்கிறது, ராணி நகர்ந்தாக வேண்டும். வெள்ளைக்கு வசதியான நிலை இல்லை, ஆனாலும் சண்டை நீண்டிருக்கும். ஏ3-க்குப் போன அந்த யானைக்கு ஒரே ஒரு முறை உருப்படியான வேலை வந்தது, அதையும் செய்ய விடவில்லை.

32.எஃப்3 சிப்பாய் இ4-ஐ எடுத்தது. ஆட்டம் தோற்றது இங்கேதான். இரண்டாவது பூட்டையும் வெள்ளையே திறந்துவிட்டது. 32...ராணி இ4-ஐ எடுத்துச் செக்.

பிஷப்பின் கோட்டில் இப்போது ராணி முன்னால், பிஷப் பின்னால். வெள்ளை ராஜா எங்கே போகும்? ஜி1 போனால் ராணி எச்1-இல் மேட், பிஷப் பின்னாலிருந்து தாங்குகிறது, எஃப்2-இல் சொந்த யானை வழியை அடைக்கிறது. எஃப்1 போனால் 33...ராணி எச்1 செக், ராஜா இ2-க்கு ஓடியே தீரவேண்டும், உடனே முதல் வரிசை நெடுக ராணி போய் சி1 ராணியை எடுத்துவிடும். குறுக்கே எஃப்3-இல் யானையை நிறுத்தினால் அது அசைய முடியாமல் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். டோபாலோவ் 33.ராஜா எச்3 ஆடினார். இரண்டு ராணிகளும் நான்கு யானைகளும் உயிரோடு இருக்கும்போது ராஜா மூன்றாம் வரிசைக்கு நடந்து வந்துவிட்டது.

பின்வாங்கிய ராணி

33...யானை டி4 34.குதிரை இ3 ராணி இ8!

யானை டி4-இல் வந்து சி4 குதிரையை மிரட்டியது. குதிரை இ3-க்கு வந்து எஃப்5, ஜி4 கட்டங்களைக் காத்தது. இந்த நேரத்தில் மையத்தில் ராஜாங்கம் செய்துகொண்டிருக்கும் ராணியை எட்டாம் வரிசைக்கே பின்னிழுப்பது சாதாரணமாக யாருக்கும் தோன்றாது. தாக்குதல் என்றால் முன்னே போவது என்றுதான் கை பழகியிருக்கிறது.

ராணி விலகியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இ4 காலி. ஏ8 பிஷப்புக்கு முன்னால் இப்போது ஒரு காயும் இல்லை. ஏழு கட்டம் தள்ளியிருக்கும் எச்1 வரை கோடு திறந்து கிடக்கிறது. ஜி2 பிஷப்பின் கையில், ராஜா அங்கே திரும்ப முடியாது. ஜி4-ஐயும் எச்4-ஐயும் நான்காம் வரிசையில் நிற்கும் யானை பார்த்துக்கொள்கிறது. ராணி இ8-இலிருந்து எச்5-க்கு ஒரே தாவலில் போனால் மேட். யானை பக்கவாட்டில், பிஷப் மூலைவிட்டத்தில், ராணி வெகுதூரத்தில். மூன்று காய்களும் ராஜாவைத் தொடாமலே வலை பின்னிவிட்டன.

35.ஜி4 ஆடி வெள்ளை எச்5-ஐ மறைத்தது. 35...எச்5, சிப்பாயை ராணி தாங்குகிறது. 36.ராஜா எச்4 ஜி5 செக். ராஜா ஜி5-ஐ எடுத்தால் சி7 யானை ஜி7-க்கு வந்து செக் கொடுக்கும். எச்5-ஐ எடுக்க முடியாது, ராணி காக்கிறது. அதனால் 37.எஃப்5 சிப்பாய், இரண்டு கட்டம் தாவி வந்த அந்த ஜி5 சிப்பாயை வழிமறித்து (ஆன் பாஸான்) ஜி6-இல் எடுக்கிறது, ராணி ஜி6-ஐ எடுக்கிறது. 38.ராணி எஃப்1 யானை ஜி4-ஐ எடுத்துச் செக். இந்த யானையைக் குதிரையால் எடுத்தால் ராணி ஜி4-ஐ எடுத்து அங்கேயே மேட். 39.ராஜா எச்3 யானை இ7.

அதுவரை சி7-இல் சி5 சிப்பாய்க்குக் காவல் நின்ற யானையும் வேட்டையில் சேர்ந்துகொண்டது. டோபாலோவ் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. 40.யானை எஃப்8 செக், ராஜா ஜி7 41.குதிரை எஃப்5 செக், ராஜா எச்7. குதிரை இ7 யானையையும் மிரட்டுகிறது, பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 42.யானை ஜி3 ஆடி வெள்ளை ராஜாவைக் காக்க வேண்டியிருந்தது.

42...யானை ஜி3-ஐ எடுத்துச் செக் 43.எச்2 சிப்பாய் ஜி3-ஐ எடுக்கிறது, ராணி ஜி4 செக் 44.ராஜா எச்2 யானை இ2 செக் 45.ராஜா ஜி1 யானை ஜி2 செக்.

இந்தக் கடைசிச் செக்கில் யானை நேராக ராஜாவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ராஜா எடுக்க முடியாது. காரணம் ஏ8 பிஷப். 46.ராணி ஜி2-ஐ எடுக்கிறது, பிஷப் ஜி2-ஐ எடுக்கிறது. பதினேழு நகர்த்தல்கள் மூலையில் அசையாமல் இருந்த பிஷப் ஒரே பாய்ச்சலில் பலகையின் மறுமுனைக்கு வந்து ராணியோடு போனது. 47.ராஜா ஜி2-ஐ எடுக்கிறது, ராணி இ2 செக்.

மிச்சம்

புகை அடங்கியதும் வெள்ளைக்கு யானை, குதிரை, மூன்று சிப்பாய்கள். கறுப்புக்கு ராணி, மூன்று சிப்பாய்கள். இது தானாக ஜெயித்துவிடும் நிலை என்று சொல்லமாட்டேன். யானையும் குதிரையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ராணி தலைகீழாக நின்றாலும் உள்ளே நுழைய முடியாத நிலைகள் உண்டு. ஆனந்தின் ராஜாவும் திறந்த வெளியில் நிற்கிறது. இதற்குமேல் அவர் ஆடியது நிதானமான கைவேலை: 48.ராஜா எச்3 சி4 49.ஏ4 ஏ5 50.யானை எஃப்6 ராஜா ஜி8 51.குதிரை எச்6 செக், ராஜா ஜி7 52.யானை பி6 ராணி இ4 53.ராஜா எச்2 ராஜா எச்7 54.யானை டி6 ராணி இ5.

அநாதை என்று தொடக்கத்தில் சொன்ன சி5 சிப்பாய் இப்போது சி4-இல் நிற்கிறது. அதன் வழியில் பி2 சிப்பாய் ஒன்றுதான் தடை. ராணி இ5-இலிருந்து டி6 யானையையும் பி2-ஐயும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. 55.குதிரை எஃப்7, ராணிக்கு மிரட்டல். 55...ராணி பி2-ஐ எடுத்துச் செக் 56.ராஜா எச்3 ராணி ஜி7.

ராணி எஃப்7 குதிரையைப் பிடித்துவிட்டது. குதிரை ஜி5-இல் செக் கொடுத்தால் ராணி எடுத்துவிடும். டி8-க்கு ஒதுங்கினாலும், யானை டி7 வந்து காத்தாலும், சி4 சிப்பாய் கிளம்பிவிடும். அதை நிறுத்த ஆளில்லை. டோபாலோவ் கை கொடுத்தார். 6.5–5.5.